ஏஐ படம் விற்றுச் சம்பாதிக்கப் பயிற்சி வகுப்பில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் ஒரு நிமிடம்

ஒரு மணி நேர இலவச வகுப்பு. கடைசிப் பத்து நிமிடத்தில் ‘இன்று இரவு வரை மட்டும்’ என்றொரு சலுகை. என் மாதச் சம்பளத்தில் கால் பங்கை அப்படித்தான் கொடுத்தேன். கிடைத்தது சில வீடியோக்கள், ஒரு ப்ராம்ட் (ஏஐக்குக் கொடுக்கும் எழுத்துக் கட்டளை) தொகுப்பு, ஆயிரம் ரெடிமேட் டிசைன்கள் அடங்கிய ஜிப் கோப்பு, அப்புறம் ‘மறுவிற்பனை உரிமைச் சான்றிதழ்’. பொன்னிறக் கரை போட்ட பிடிஎஃப், நடுவில் என் பெயர். அதைப் பார்த்து நான் பூரித்துப்போனதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வருமான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டித்தான் என்னை விழ வைத்தார்கள். பிற்பாடு நானே செய்து பார்த்தேன்: பிரவுசரில் வலது கிளிக், இன்ஸ்பெக்ட், எண்ணை மாற்று. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, என் காலிக் கடையும் லட்சங்கள் சம்பாதித்தது.

சரி, கதைக்கு வருகிறேன். எட்ஸி என்ற இணையச் சந்தையில் கடை திறந்து, இரண்டு வாரம் ராத்திரி கண்விழித்து அந்த டிசைன்களில் 120 படங்களை ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட் கட்டணம்; நான்கு மாதம் கழிந்தால் மறுபடி கட்ட வேண்டும். விற்றால் அதில் 6.5 சதவீதம் தளத்துக்கு. இலவச வகுப்பில் இந்தக் கணக்கை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

முதலில் விற்றது ஜன்னலோரம் புத்தகங்களுக்கு நடுவே தூங்கும் ஒரு பூனை, நீர்வண்ணச் சாயலில். வாங்கியவர் அதை 18க்கு 24 அங்குல போஸ்டராக அச்சடித்துவிட்டு எனக்கு எழுதினார். மீசை முடிகள் கன்னத்தோடு உருகி ஒட்டியிருக்கின்றன, மூலையில் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல் இருக்கிறது, அது யாருடையது என்று கேட்டார். நான் அன்றைக்குத்தான் கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1024 பிக்சல் சதுரம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால், மூன்றரை அங்குலம் கூட வராது. அந்த போஸ்டருக்கோ 5400க்கு 7200 பிக்சல் வேண்டும். அதைவிடக் குத்தியது அவருடைய இன்னொரு கேள்வி: “கையால் வரைந்தது என்று போட்டிருக்கிறீர்களே, உண்மையா?” வகுப்பில் கொடுத்த விவரக் குறிப்பை அப்படியே ஒட்டியிருந்தேன். ஏஐ என்று சொன்னால் விற்காது, கையால் வரைந்தது என்றே போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்டு நடந்தது நான்தான், அந்தத் தப்பு என்னுடையது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

எட்ஸியில் 2024 ஜூலை முதல் ஏஐ கொண்டு செய்ததை விவரத்தில் சொல்லியாக வேண்டும்; ப்ராம்ட் தொகுப்புகளை விற்கவே கூடாது. படம் விற்கும் தளமான அடோபி ஸ்டாக்கும் ஏஐ என்று குறித்தால்தான் ஏற்றுக்கொள்ளும். அதே மாதிரித் தளமான கெட்டி இமேஜஸ் 2022லேயே ஏஐ படங்களுக்குக் கதவை மூடிவிட்டது. எல்லாம் பொதுவில் கிடக்கும் விதிகள். நான் தேடிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரியே பூனையை ரிவர்ஸ் இமேஜ் தேடலில் (படத்தைக் கொடுத்து, அது வேறு எங்கே இருக்கிறது என்று தேடுவது) போட்டேன். பத்துப் பன்னிரண்டு கடைகளில் அதே பூனை, அதே விவரம், அதே எழுத்துப்பிழையோடு! ஜிப் கோப்பைக் கிளறினால் மூன்று படங்களுக்குப் பெயரைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார்கள். படம் உருவாக்கும் ஏஐயான மிட்ஜர்னியிலிருந்து டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி வழியாக இறக்கும் கோப்பின் பெயரிலேயே பயனர் பெயரும் ப்ராம்ட்டும் இருக்கும். மூன்றிலும் யாரோ மூன்று பேரின் பெயர்கள். எங்கிருந்தோ அள்ளி வந்து எனக்கு ‘முழு உரிமை’ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த உரிமைதான் என்ன? அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் எழுத்துக்கும் அமைப்புக்கும் மட்டும் பாதுகாப்பு கொடுத்தது. மிட்ஜர்னி உருவாக்கிய படங்களுக்கு இல்லை என்றது. படைப்பாளி மனிதராக இருக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, வெறும் ப்ராம்ட்டில் வந்த படத்துக்குச் சான்றிதழில் பொன்கரை போட்டு என்ன பயன்?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் அதே ஜிப்பில் இருந்தது. காபிக் கோப்பைகளில் அச்சிடும் டிசைன்களில் பாதி, பிரபல கார்ட்டூன் பாத்திரங்களின் ‘சாயல்’. ஏஐ வரைந்தது, அதனால் பிரச்சினையில்லை என்றார்கள். அந்தப் பாத்திரங்களுக்கு உரிமையாளர் இருக்கிறாரே! டிஸ்னியும் யுனிவர்சலும் 2025 ஜூனில் மிட்ஜர்னி மீதே வழக்குப் போட்டிருக்கின்றன. என் கடைக்கு வழக்கெல்லாம் தேவைப்படவில்லை, இரண்டு உரிமைப் புகாரிலேயே மூடிவிட்டார்கள்.

வகுப்பு நடத்தியவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது ப்ரோ, நீங்கள் இன்னும் உழைக்க வேண்டும்” என்று பதில் வந்தது. அந்த எழுத்துப்பிழையை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் என்னை நீக்கிவிட்டார்கள். வங்கியில் புகார் கொடுத்தேன். நான் ஜிப் கோப்பை இறக்கிய நேரத்தை வகுப்புக்காரர்கள் சான்றாக அனுப்பினார்கள், புகார் தள்ளுபடி. வாங்கப் போகிறவர்கள் ஜிப்பைத் தொடுவதற்கு முன்பே விளம்பரம், வாக்குறுதி, உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னிடம் ரசீதைத் தவிர எதுவும் இல்லை.

இப்போது வேறு பெயரில் வகுப்பு நடத்துகிறார்கள், அதனால் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. இலவச வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் சொந்தக் கடையின் இணைப்பு எங்கே? நானும் கேட்டேன். “கொடுத்தால் டிசைனைக் காப்பியடித்துவிடுவார்கள் ப்ரோ” என்றார்கள். நானும் தலையாட்டினேன்.