துடுப்புப் படமா, ஒலிப்பதிவா: தீவோரப் பல் திமிங்கலங்களை ஆராயும் இரு வழிகள்

தீவுகளைச் சுற்றி வாழும் ஓங்கில்களையும் (டால்பின்களையும்) மற்றப் பல் திமிங்கலங்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய நினைக்கும் சிறிய குழு, தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கையில் இருக்கும் பணத்தையும் ஆட்களையும் வைத்து, முதுகுத்துடுப்புகளைப் படமெடுத்து ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் காண்பதா, அல்லது கடலடியில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கி அவற்றின் குரலைக் கேட்பதா? இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்பது வசதி உள்ளவர்களின் விடை. எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. நாங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்தோம். பல பருவங்கள் கடந்த பின்னும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. எனவே இந்த ஒப்பீடு படத்தின் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிப்படையான வேறுபாடுகளில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. படமெடுக்கப் பகல் வெளிச்சமும் அமைதியான கடலும் எரிபொருளும் வேண்டும். கருவியோ இரவிலும் மழையிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். படகு நெருங்கினால் விலங்கு நடத்தையை மாற்றிக்கொள்ளக்கூடும். கடலடியில் கிடக்கும் கருவி யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இவற்றை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஒலிப்பதிவே வெல்லும். ஆனால் தீவுகளைப் பொறுத்தவரை முடிவு இங்கே கிடைப்பதில்லை.

தீவு ஏன் தனிக் கணக்கு என்றால், எரிமலைத் தீவுகளின் சரிவு செங்குத்தானது. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாகிவிடும். திறந்த கடலில் எங்கோ சிதறித் திரிய வேண்டிய இனங்கள் அங்கே கரை தெரியும் தொலைவில் வாழ்கின்றன. அவற்றுள் சில, தலைமுறைகளாக அதே தீவுகளை விட்டு அகலாத சிறு கூட்டங்களாகப் பிரிந்துவிடுகின்றன. ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்த, ஹவாயின் பொய் ஓர்க்காக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதன்மைத் தீவுகளைச் சேர்ந்த கூட்டம், வடமேற்குத் தீவுகளைச் சேர்ந்த கூட்டம், திறந்த கடலில் திரியும் கூட்டம் என மூன்று தனித்தனிக் கூட்டங்கள் அங்கே உள்ளன. அவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. முதன்மைத் தீவுகளின் கூட்டம் 2012இல் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் அழிவை எதிர்நோக்கியது என்று அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு ஏறத்தாழ 167 விலங்குகள்தான். தூண்டிலில் ஒரு பொய் ஓர்க்கா சிக்கினால் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதே முதற்கேள்வி. ஒலிப்பதிவு இனத்தைச் சொல்லக்கூடும். அது யார் என்பதைச் சொல்வது மிகக் கடினம். துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டுகளும் வடுக்களும், முன்பே பார்த்த விலங்காக இருந்தால், அதைச் சொல்லிவிடும்.

ஒலிக்கு உரிய பெருமையைக் குறைத்துவிடக் கூடாது. பறவையின் அலகுபோல் நீண்ட வாயும் ஆழ்ந்து மூழ்கும் பழக்கமும் கொண்ட அலகுத் திமிங்கலங்களைப் படகிலிருந்து தேடுவது பெரும்பாலும் பொறுமைக்கான தேர்வு. நீருக்கு மேல் சில நிமிடங்கள் தலைகாட்டிவிட்டு ஒரு மணி நேரம் மறைந்துவிடும். குவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று 222 நிமிடங்கள் மூச்சடக்கி மூழ்கியிருந்ததும் பதிவாகியுள்ளது. ஆழத்தில் இரை தேடும்போது அவை எழுப்பும் சொடுக்கொலியோ இனத்துக்கு இனம் வேறுபடும் வடிவம் கொண்டது. கருவி அதை ஐயமின்றிப் பிடித்துவிடும். குள்ள எண்ணெய்த் திமிங்கலங்கள் 130 கிலோஹெர்ட்ஸ் அளவில் சொடுக்குகின்றன. அவற்றைக் கண்ணால் கண்ட நாள்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். எண்ணெய்த் திமிங்கலங்களின் சொடுக்குத் தொடர்களோ, கரிபியனின் டொமினிக்கா முதல் கலாபகோஸ் வரை, எந்தக் குலம், அதாவது ஒரே சொடுக்கு வழக்கைப் பகிரும் குடும்பங்களின் தொகுதி, எங்கே வாழ்கிறது என்பதையே காட்டியுள்ளன. ஒரே சொடுக்கினுள் அடங்கிய துடிப்புகளின் இடைவெளியை அளந்து விலங்கின் உடல் நீளத்தைக் கணக்கிடவும் முடியும். சுழலி ஓங்கில்கள் பகலில் விரிகுடாக்களில் ஓய்வெடுத்து, இரவில் ஆழத்திலிருந்து மேலெழும் சிறு மீன்களையும் கணவாய்களையும் உண்கின்றன. கேமரா வைத்திருக்கும் நாங்கள் அவற்றின் வாழ்வில் உறங்கும் பாதியை மட்டுமே பார்க்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் கேட்பது வேறு, எண்ணுவது வேறு. பஹாமாசில் கடலடியில் பதிக்கப்பட்ட 82 ஹைட்ரோஃபோன்களை (நீரடி ஒலிவாங்கிகளை) கொண்டு பிளைன்வில் அலகுத் திமிங்கலங்களின் அடர்த்தியைக் கணக்கிட்டபோதுகூட, ஒலி மட்டும் போதவில்லை. ஒரு விலங்கு சராசரியாக எத்தனை முறை சொடுக்கும், எவ்வளவு தொலைவிலிருந்து அது கேட்கும் என்பதை அறிய, விலங்குகளின் உடலில் கருவி ஒட்டி முதலில் அளக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கைகள் இல்லாமல், ஒரு மாதத்தில் பத்தாயிரம் சொடுக்குகள் பதிவாயின என்று சொன்னால், அது பத்து விலங்குகளா நூறு விலங்குகளா என்று யாராலும் சொல்ல இயலாது.

பராமரிப்பு என்று வரும்போது இரண்டும் இரண்டு விதமாகத் துன்புறுத்துகின்றன. ஒலிப்பதிவின் துன்பம் கடலிலும் ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கிறது. 130 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் பிடிக்க நொடிக்கு 3,84,000 மாதிரிகள் வீதம் 16 பிட்டில் பதிந்தால், சுருக்காத நிலையில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 66 ஜிகாபைட், ஒரு மாதத்துக்கு இரண்டு டெராபைட்டுக்குச் சற்றே குறைவு. எனவே பலரும் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் பதிவது போன்ற இடைவெளி முறைக்குப் போகிறார்கள். அரிதாக வந்து போகும் கூட்டம் அந்த ஒன்பது நிமிடங்களில் கடந்துவிடக்கூடும். நாங்கள் ஒரு பருவம் மட்டும் இரவல் கருவி ஒன்றை இறக்கிப் பார்த்தோம். எடையிலிருந்து கருவியை விடுவிக்க வேண்டிய கொக்கி, மேலிருந்து அனுப்பிய ஒலிக் கட்டளைக்கு இரண்டு நாள் பதிலே தரவில்லை. மூன்றாம் நாள் தானாக மிதந்து வந்தபோது உறை முழுவதும் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுடைய சிறு கடலுயிர்) படிந்திருந்தது, பேட்டரி நாங்கள் கணக்கிட்டதற்கு மூன்று வாரம் முன்னரே தீர்ந்திருந்தது. ஒரே கருவி, ஒரே பருவம் என்பதால் இந்த அனுபவத்தைப் பொதுவிதியாக்க மாட்டேன். நன்கு பழகிய குழுக்கள் இதைச் சீராகவே செய்கின்றன.

படத்தின் துன்பம் மேசையில் இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு நல்ல நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுடன் கரை திரும்புவோம். அவற்றுள் துடுப்பு பக்கவாட்டில் நேராகவும் கூர்மையாகவும் விழுந்தவற்றை மட்டும் பிரிக்க வேண்டும். பிறகு படத்தின் தரத்தையும் துடுப்பின் அடையாளத் தெளிவையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். இரண்டையும் குழப்பினால், பெரிய வெட்டு உள்ள துடுப்பு மங்கலான படத்திலும் தப்பிப் பிழைக்கும், சிறிய வெட்டு உள்ளது கழிந்துவிடும். அதன் பின்னரே பட்டியலோடு ஒப்பிடும் வேலை. அண்மையில் வந்த மென்பொருள்கள் ஒத்திருக்கக்கூடிய துடுப்புகளை வரிசைப்படுத்தித் தருகின்றன, அது பெரும் உதவி. ஆனால் இறுதி முடிவை மனிதக் கண்தான் எடுக்கிறது. ஒரு நாள் கடலுக்கு மூன்று நான்கு நாள் மேசை என்பது எங்கள் கணக்கு.

இந்த வேலையில் சோம்பினால் என்ன ஆகும் என்பதைச் சிறு கணக்கில் காட்டலாம். முதல் பருவத்தில் தெளிவான அடையாளமுள்ள 40 விலங்குகளைப் படமெடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பருவத்தில் அத்தகையவை 50. அவற்றுள் 25 முன்பே பார்த்தவை. இரண்டாம் பருவத்தில் கண்டவற்றுள் பாதி பழையவை என்றால், முதல் பருவத்தின் 40உம் அடையாளமுள்ள மொத்தத்தில் பாதி என்று கொள்ளலாம்: 40ஐ 50ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 80. கூட்டத்தில் பத்தில் எட்டு விலங்குகளுக்கே தெளிவான அடையாளம் உண்டு என்றால் மொத்தம் 100. இப்போது அந்த 25 பொருத்தங்களில் ஐந்தைக் கண் தவறவிட்டு, அவற்றைப் புதிய விலங்குகள் என்று எழுதிவிட்டது என்க. வகுக்கும் எண் 20 ஆகிறது, விடை 100 ஆகிறது, மொத்தம் 125 ஆகிறது. கடலில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. மேசையில் இருந்தவரின் அலுப்பினால் 25 விலங்குகள் கூடிவிட்டன. குறைந்துவரும் கூட்டம் ஒன்றில் இப்பிழை, குறைவதையே மறைத்துவிடும்.

எங்கள் பட்டியலிலேயே இது நடந்தது. 31 என்று எண்ணிட்டிருந்த பைலட் திமிங்கலம் ஒன்று இரண்டு பருவங்களாகக் காணப்படவில்லை. இறந்திருக்கலாம் என்று குறித்துவைத்தோம். அதே காலத்தில் 74 என்று ஒரு புதிய விலங்கு சேர்ந்தது; துடுப்பின் நுனி இல்லாமல், பழகிய முகம் எதையும் நினைவூட்டாத தோற்றம். ஒருநாள் மாலை, புதிதாகச் சேர்ந்த மாணவி இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, மேற்பகுதியைக் கையால் மறைத்துவிட்டுக் காட்டினார். துடுப்பின் பின்விளிம்பில், அடிப்பகுதிக்குச் சற்று மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு வெட்டுகள்; இரண்டிலும் ஒரே இடைவெளி, மேல்வெட்டின் உதடு இரண்டிலும் சற்றே மடங்கியிருந்தது. ஏதோ ஒன்று நுனியைக் கடித்தோ அறுத்தோ எடுத்துவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓர் இறப்பும் ஒரு வரவும் ஒரே நொடியில் பட்டியலிலிருந்து நீங்கின. அன்றுமுதல் எந்தப் புதிய எண்ணையும் இரண்டாம் நபர் ஒருவர், முதலாமவரின் குறிப்பைப் பார்க்காமல், முழுப் பட்டியலோடும் ஒப்பிட்ட பின்னரே வழங்குகிறோம். வேலை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது.

இவ்வளவு சுமை இருந்தும் படத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம், இந்த உழைப்பு ஆண்டுதோறும் மதிப்பு கூடும் வகையைச் சேர்ந்தது என்பதே. பல் திமிங்கலங்கள் மெதுவாகப் பெருகும், நெடுநாள் வாழும். அவற்றின் வாழ்வைப் புரிந்துகொள்ள, அதே விலங்கை இருபது முப்பது ஆண்டுகள் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் மேற்குக் கரையோர வான்கூவர் தீவைச் சுற்றி ஆய்வாளர் மைக்கேல் பிக் ஓர்க்காக்களின் துடுப்பையும் அதன் பின்னுள்ள வெளிறிய திட்டையும் படமெடுத்து எண்ணத் தொடங்கியபோது, பலர் நினைத்ததைவிட அவை மிகக் குறைவு, சில நூறே, என்பது தெரியவந்தது. அதே முறையைத் தொடர்ந்ததால்தான் அங்கே நிலையாக வதியும் கூட்டங்களுள் ஒன்றான தெற்கு வதி ஓர்க்காக்கள் 1990களின் நடுவில் 98 வரை உயர்ந்து, இப்போது 75ஐ ஒட்டி நிற்பதை ஒவ்வொரு விலங்காகச் சொல்ல முடிகிறது. பெண் ஓர்க்காக்கள் ஈனும் வயது கடந்த பின்னும் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன, சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் அம்மூதாட்டிகளே கூட்டத்துக்கு முன்னே செல்கின்றன என்ற கண்டுபிடிப்பும் அப்பட்டியல்களின் பயன்தான். 2018இல் இறந்த குட்டியை 17 நாள் சுமந்து நீந்திய தாய் ஜே35 என்று உலகம் அறிந்ததும், அதற்கு ஏற்கெனவே ஓர் எண் இருந்ததால்தான். பழைய ஒலிப்பதிவும் வீணாவதில்லை, நாளை வரும் மென்பொருள் அதில் புதியதைக் கண்டெடுக்கலாம். ஆனால் இன்றைய நிலையில் அதிலிருந்து ஒரு தாயையும் அவள் மகளையும் பிரித்தறிந்து முப்பது ஆண்டு தொடர்வது, பெரும்பாலான இனங்களில், இயலாத காரியம்.

படத்துக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அது தீவுக்கே உரியது. காற்று மறைவான பக்கத்தில் கடல் அமைதியாக இருப்பதால் எல்லோரும் அங்கேயே படகு ஓட்டுகிறோம். பிறகு விலங்குகள் அங்கேதான் அதிகம் என்று வரைபடம் வரைகிறோம். ஹவாயில் பொய் ஓர்க்காக்களுக்குச் செயற்கைக்கோள் டேக் (இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் சிறு கருவி) பொருத்தியபோது, மோலோக்காய், மாவி தீவுகளின் வடபுறம் போன்ற, காற்று ஓங்கி வீசும் பகுதிகளை அவை பெரிதும் பயன்படுத்துவது தெரியவந்தது. படகில் மட்டும் அலைந்திருந்தால் அது எளிதில் தெரிந்திருக்காது. டேக் பொருத்துவதில் எனக்கு நேரடிப் பழக்கம் இல்லை. துடுப்பில் பொருத்தும் சிறிய வகை சில வாரம் முதல் சில மாதம் வரை தாங்கும், தனி அனுமதியும் தேர்ந்த கையும் வேண்டும் என்பதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆகவே உங்கள் தீவில் அலகுத் திமிங்கலங்களோ குள்ள எண்ணெய்த் திமிங்கலங்களோதான் முதன்மை என்றாலோ, ஆண்டின் பெரும்பகுதி படகு இறக்கவே முடியாது என்றாலோ, என் பரிந்துரையைப் புறந்தள்ளிவிட்டு ஒலிப்பதிவுக்கே போகலாம். வதியும் ஓங்கில்கள், பைலட் திமிங்கலங்கள், ஓர்க்காக்கள் என்றால் கேமராவில் தொடங்குங்கள். ஆனால் லென்ஸ் வாங்கும் முன் மேசையில் உட்காரும் ஆளுக்கான சம்பளத்தை ஒதுக்கிவிடுங்கள். எங்களிடம் இப்போது சிறிது பணம் சேர்ந்திருப்பதால், காற்றடிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கருவியை அடுத்த பருவத்தில் இறக்கிப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன், சென்ற பருவத்திலிருந்து ஒப்பிடாமல் கிடக்கும் பதினொரு நாள் படங்களை முடித்தாக வேண்டும்.