சாய்வா, கெழுவா?

இரண்டு நேர்கோடுகள் இணையா, செங்குத்தா என்று பார்க்க முதலில் கற்றுக்கொள்வது சாய்வு வழி. சாய்வுகள் சமமென்றால் இணை, பெருக்கினால் −1 வந்தால் செங்குத்து. கெழுக்களை, அதாவது சமன்பாட்டில் எக்ஸுக்கும் ஒய்க்கும் முன்னால் நிற்கும் எண்களை, மட்டும் வைத்துப் பார்க்கும் வழி அப்புறம்தான் வருகிறது. வந்த வேகத்தில் பலருக்கு மறந்தும் போகிறது. சமன்பாடு கையில் இருந்தால் என் ஓட்டு கெழுவுக்குத்தான்.

ஒரு கோட்டில் எக்ஸ் கெழு 3, ஒய் கெழு −2. இன்னொன்றில் 2, 3. சாய்வு வேண்டுமென்றால் எக்ஸ் கெழுவை ஒய் கெழுவால் வகுத்துக் குறியை மாற்ற வேண்டும்: 3/2, −2/3. பெருக்கினால் −1. கெழு வழியில் எக்ஸ் கெழுக்களின் பெருக்கல் 6, ஒய் கெழுக்களின் பெருக்கல் −6, கூட்டினால் 0. செங்குத்து, அவ்வளவுதான். பின்னத்துக்கே வேலை இல்லை. −2/3 சாய்வை −0.67 என்று தசமமாக்கிக் கால்குலேட்டரில் தட்டினால் −1.005 வந்து நிற்கும். அப்புறம் விழிக்க வேண்டியதுதான்.

குறியை மாற்ற மறப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: இரண்டு கோட்டிலும் மறந்தால் விடை சரியாகவே வரும், ஏனென்றால் இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றில் மட்டும் மறந்தால்தான் வம்பு.

சாய்வு வழி முழுக்கக் காலை வாருவது எக்ஸ் = 4 போன்ற நெட்டுக்கோட்டில். அதன் சாய்வுக்கு 0ஆல் வகுக்க வேண்டும், முடியாது. ஒய் = 7 அதற்குச் செங்குத்து என்பது கண்ணுக்கே தெரிகிறது, −1 மட்டும் கிடைக்காது. கெழுக்களோ 1, 0, 0, 1. கூட்டுத்தொகை 0, சிக்கலே இல்லை.

சரி, சமன்பாடே இல்லாமல் புள்ளிகள் மட்டும் கொடுத்தால்? அங்கே சாய்வுதான் ராஜா. (0, 0), (4, 2), (3, 4), (−1, 2) என்ற நாற்கரத்தைச் சுற்றி வாருங்கள்: 1/2, −2, 1/2, −2. எதிர்ப்பக்கங்கள் இணை, அடுத்தடுத்த பக்கங்கள் செங்குத்து, ஆக செவ்வகம். இதற்குப் போய் நான்கு சமன்பாடு எழுதுவது வீண் வேலை.

இணைக்கு ஒரு பொறி இரண்டு வழியிலும் உண்டு. ஒரு கோட்டில் கெழுக்கள் 3, −2, மாறிலி (தனியாக நிற்கும் எண்) 7. மற்றதில் 6, −4. சாய்வும் சமம், கெழு விகிதமும் சமம். ஆனால் இரண்டாவதன் மாறிலி 15 என்றால் இணை. 14 என்றால் அது முதல் கோடேதான்.