கண் களிம்பு கேப்சூல்: எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கின் 1% களிம்பை அடைத்த குட்டி ஜெலட்டின் கூடுதான் அப்ளிகேப். மெடிக்கலில் பெரிய டப்பாவிலிருந்து நாலைந்தை எண்ணிக் கவரில் போட்டுத் தருவார்கள். விளக்கத்தாள் கூட வராது. மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடுபவர்கள் உண்டு. கவர் மேல் 'கண்ணுக்கு மட்டும்' என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு வேளைக்கு ஒன்று என்பதே இதன் பெரிய பலம். ட்யூப் முனை இமையில் பட்டுப் பட்டு அழுக்காகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மிச்சத்தை ராத்திரிக்கு என்று எடுத்துவைத்தால் அந்தப் பலன் போச்சு.

போடும் முறை: சோப்புப் போட்டுக் கை கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் இமையோரப் பொருக்கை ஊறவைத்துத் துடையுங்கள். பொருக்கின் மேலேயே பூசினால் மருந்து தோலில் படாது. பிறகு கூட்டின் நுனியைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, கீழிமையை இழுத்து உள்ளே பிதுக்குங்கள். சில நிமிடம் பார்வை மங்கும். உடனே வண்டி எடுக்க வேண்டாம்.

பூளை தள்ளும் பாக்டீரியா கண்நோய்க்கும் இமையோரப் புண்ணுக்கும் நன்றாகக் கேட்கிறது. கண் கட்டிக்கு அவ்வளவாகக் கேட்காது. சீழ் உள்ளே இருக்கிறது, களிம்பு அங்கே இறங்காது. தினம் நாலு முறை, 10 நிமிடம் சுடாத வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பிதுக்கவே கூடாது.

நெற்றியில் ஒரே பக்கம் எரிச்சலோடு கொப்புளம் கிளம்பி மூக்கு நுனி வரை வந்தால் அது அக்கி. வைரஸுக்கு இந்தக் களிம்பால் பயனில்லை. காவியால் அக்கி எழுதிக்கொண்டு காத்திருப்பதில்தான் நாள் போகிறது. மருத்துவர் எழுதித் தரும் அசைக்ளோவிரை (பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மி.கி., தினம் 5 வேளை) கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று இருந்தால் கருவிழியே கெடும்.

இமை முழுக்கச் சிவந்து, சூடாக வீங்கினால் வாய்வழி ஆன்டிபயாட்டிக் வேண்டும். அதோடு கண்ணை அசைத்தால் வலி, விழி முன்தள்ளல், இரட்டைப் பார்வை, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தொற்று விழிக்குழிக்குள் போயிருக்கலாம். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கே போங்கள், முக்கியமாகக் குழந்தைகளை.

பச்சிளங்குழந்தை, கர்ப்பிணி, குடும்பத்தில் ரத்த உற்பத்திக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.