டிஸ்னி பின்: பழைய எனாமலா, மர்மப் பெட்டியா, எண்ணிட்ட பதிப்பா?

பாரிஸில் இருக்கிற சித்தியோ கனடாவில் இருக்கிற மாமாவோ டிஸ்னி பூங்காவுக்குப் போகும்போது "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், டிஸ்னி பின் (சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன உலோக வில்லை) சேர்க்கத் தொடங்கியிருக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் உடனே கேட்பது, உள்ளே எந்தப் பின் என்று தெரியாமலே வாங்குகிற மர்மப் பெட்டியைத்தான். யூடியூபில் பெட்டி பிரிக்கிற வீடியோக்கள் செய்கிற வேலை அது. என்னைக் கேட்டால், பூங்கா எட்டாத தூரத்தில் இருக்கிற நமக்கு 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த பழைய சாதாரண பின்கள்தான் சரி.

பின் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பெரிதாகப் பரப்பியது 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். டிஸ்னி அதைத் தன் பூங்காவுக்குள் கொண்டுவந்தது 1999 ஒக்டோபரில், ஃபுளோரிடாவில், புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தோடு. ஊழியர் கழுத்துப்பட்டியில், அதாவது கழுத்தில் தொங்கும் நாடாவில், பின்களைக் குத்திக்கொண்டு நிற்பார், நீங்கள் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கலாம், உலோகத்தில் செய்த உண்மையான டிஸ்னி பின்னாக இருந்தால் பொதுவாக அவர் மறுக்கக்கூடாது, காசுக்கு அதில் இடமே இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு! அந்தக் காலத்துப் பின்களில் பல கெட்டி எனாமல் (உலோகக் கோடுகளுக்கு இடையில் நிரப்பும் வண்ணப் பூச்சு): நிறம் உலோகக் கோட்டின் மட்டத்துக்கே நிரப்பப்பட்டு, தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கும், விரலால் தடவினால் வழுவழுவென்று போகும். இப்போது நிறைய வருவது மென் எனாமல். அதில் நிறம் பள்ளத்தில் இறங்கி நிற்கும், கோடுகள் விரலில் தட்டுப்படும். நுணுக்கமான படங்களை அச்சடித்தே ஒட்டிவிடுவதும் உண்டு. புதியவற்றில் மினுமினுப்பு, ஒளி ஊடுருவும் நிறம், அசையும் பாகம் எல்லாம் இருக்கிறது, அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் உப்புக் காற்றை யோசியுங்கள். உட்துறைமுக வீதியிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்த வீடென்றால் முலாம் தேய்ந்த இடத்தில் கறை பிடிக்க நாள் எடுக்காது, பள்ளமான கோடுகளுக்குள் சேர்கிற ஈரத்தையும் அழுக்கையும் துடைத்தெடுப்பது கஷ்டம். சமமான பரப்பைத் துடைக்க ஒரு மென்துணி போதும். எந்தப் பின்னானாலும் மூடிய டப்பாவில், மருந்துப் போத்தலுக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

மர்மப் பெட்டியில் உள்ளே எது என்று வாங்கும்வரை தெரியாது. ஒரே பின் இரண்டு தடவை வரலாம், தொகுப்பை முடிக்க மேலும் வாங்க வேண்டும். ஒர்லாண்டோவில் இருப்பவருக்கு இது பெரிய நட்டமில்லை, மிஞ்சியதை அன்றே பூங்காவில் மாற்றிவிடலாம். திருகோணமலையில் யாரிடம் மாற்றுவது?

எண்ணிட்ட பதிப்பு, அதாவது பின்பக்கத்தில் "இத்தனைதான் அடித்தோம்" என்று பொறித்து வருவது, பல சமயம் சீக்கிரமே தீர்ந்து மறுவிற்பனைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர் ஒன்று வாங்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த வகை, முன்பக்கத்தில் எங்காவது குட்டி மிக்கி அடையாளம் ஒளிந்திருக்கிற பின்கள். 2002இல் ஊழியர் கழுத்துப்பட்டிக்கென்றே தொடங்கிய தொடர் அது, கடையில் வாங்க அல்ல, மாற்றி எடுப்பதற்காகவே வந்தது. சித்தி பூங்காவுக்குப் போனால் கடையில் ஒரு சாதாரண பின் வாங்கி, ஊழியரிடமோ, மாற்றுவதற்கான பின்களைக் குத்தி வைத்திருக்கும் மாற்றுப் பலகையிலோ கொடுத்து, இதில் ஒன்றைத் தேடி எடுத்து வரச் சொல்லுங்கள். மர்மப் பெட்டியை விடக் குறைந்த செலவு, தேடுகிற சந்தோஷம் அவருக்கும் கிடைக்கும்.

கடைசியாக, ஒன்லைனில் மொத்தமாக, நம்ப முடியாத மலிவுக்கு விற்கிற பின் கட்டுகள். தயவுசெய்து வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை போலி அல்லது தரத்தில் கழித்த பின்கள். சித்தி கையில் அதைக் கொடுத்தனுப்பி பூங்காவில் மாற்றினால், நல்ல பின்னைக் கொடுத்துவிட்டு அந்தப் போலியை வாங்கிப் போவது யாரோ ஒரு சின்னப் பிள்ளை. கண்டுபிடிக்கச் சில வழிகள் இருக்கின்றன: எடை குறைவு, விளிம்பு சொரசொரப்பு, நிறத்தில் ஊசிக் குத்தின மாதிரிக் குழிகள், முகத்தின் நிறம் வெளிறியோ கருத்தோ இருப்பது. பின்பக்க மிக்கிக் கோலம் உண்மையான பின்னில் பெரும்பாலும் விளிம்புவரை ஓடும், போலியில் சுற்றிவர ஒரு வரம்பு கட்டி நின்றுவிடும். விற்பவரிடம் முன்பக்கப் படம் மட்டும் இருந்தால் பின்பக்கத்தையும் கேளுங்கள், அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.