கேட்சர் மேனேஜராகும்போது: போச்சியின் வழியா, மத்தீனியின் வழியா?

ஆடி ஓய்ந்த பேஸ்பால் வீரர் ஒருவர் மேனேஜராவதற்கு, அதாவது கிரிக்கெட்டில் நாம் தலைமைப் பயிற்சியாளர் என்கிற பொறுப்புக்கு வருவதற்கு, அமெரிக்காவில் இரண்டு வழிகள் உண்டு. வீரர்களைத் தயார்செய்யும் கீழ்நிலை லீகான மைனர் லீகின் அடித்தட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறி வரலாம். அல்லது ஆடிய பெயரையும் ஆளுமையையும் நம்பி உச்ச நிலையான மேஜர் லீகின் அணி ஒன்று நேராகவே அழைத்துக்கொள்ளலாம். எங்கள் பகுதிச் சிறுவர் லீகுக்குப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நான் இருந்தபோது, சிறிய அளவில் இதே கேள்விதான் எங்கள் முன் வந்தது. நன்றாக ஆடியவரை விட்டுவிட்டு, நெடுநாள் சிறுவர்களைப் பழக்கியவருக்கே நான் வாக்களித்தேன். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

ஒப்பிடுவதற்கு புரூஸ் போச்சியையும் மைக் மத்தீனியையும் எடுத்துக்கொள்கிறேன். இருவரும் கேட்சர்கள், அதாவது நம் விக்கெட் கீப்பரைப்போல பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்கள். களத்திலுள்ள சகாக்கள் அத்தனை பேரையும் எதிர்முகமாகப் பார்த்து ஆடுபவர் கேட்சர் ஒருவரே என்பதால் அவர்கள் நல்ல மேனேஜர்களாவார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும். இருவருக்கும் அந்த அனுகூலம் இருந்தபடியால், மிஞ்சும் வேறுபாடு அவர்கள் வந்த வழிதான்.

ஆட்டக்காரராக மத்தீனியே மேல். மேஜர் லீகில் 13 பருவங்கள் ஆடி, சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருதை நான்கு முறை வென்றவர் அவர். போச்சியோ பெரும்பாலும் மாற்று கேட்சர்; வாழ்நாள் பேட்டிங் சராசரி .239 (ஆயிரம் வாய்ப்பில் 239 ஹிட் என்ற கணக்கு), ஹோம் ரன்கள் (நம் சிக்சரைப் போன்றவை) 26. மேனேஜர் வேலைக்கு இந்தக் கணக்கு எவ்வளவு உதவும் என்றால், மிகக் கொஞ்சமே.

2011இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேஜர் லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றதும் அப்போதைய மேனேஜர் டோனி லா ரூசா விலக, தொழில்முறை அணி எதையும் நடத்தியிராத மத்தீனியை 2012 பருவத்துக்கு நியமித்தார்கள். முதல் நான்கு ஆண்டுகளும் அணி பிளே ஆஃப் சென்றது. 2013இல் உலகத் தொடரையும் எட்டியது. 2018 ஜூலையில் நீக்கப்படும் வரை ஒரு முழுப் பருவத்திலும் அவருடைய அணி வெற்றியைவிட அதிகத் தோல்வி கண்டதில்லை. நேரடி வழியை ஆதரிப்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள், காட்டுவது நியாயமும்கூட.

எனக்குத் தீர்மானகரமாகத் தோன்றுவது வேறொன்று: பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, மாற்றும் கலை. கிரிக்கெட்டில் பந்துவீச்சிலிருந்து எடுக்கப்பட்டவரிடம் பத்து ஓவர் கழித்து மறுபடி பந்தைக் கொடுக்கலாம். பேஸ்பாலில் வெளியே அழைக்கப்பட்ட பிட்சர் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. மாற்று பிட்சரும் உடனே தயாராகிவிட மாட்டார். டக்அவுட்டிலிருந்து, மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் கையைச் சூடாக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே மேனேஜர் இரண்டு மூன்று பேட்டர்களுக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். அதற்காக அடிக்கடி எழுப்பிவிட்டுப் பயன்படுத்தாமல் உட்கார வைத்தாலும் அந்தக் கை களைத்துப்போகும். 2020 முதல், இன்னிங்ஸ் முடிந்தாலோ காயம்பட்டாலோ அன்றி, உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீசியாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது.

2014 அக்டோபர் 16 அன்று சான்பிரான்சிஸ்கோவில், கார்டினல்ஸ் மேனேஜராக மத்தீனியும் சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் மேனேஜராக போச்சியும் எதிரெதிர் டக்அவுட்டில் இருந்தார்கள். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் இறுதித் தொடரில் ஐந்தாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-3 என்று சமநிலை. கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காக்கும் தன் அணியின் முதன்மை முடிப்பு பிட்சர் ரோசந்தாலை முன்னிலை கிடைக்கும் நேரத்துக்கென்று வைத்துக்கொண்ட மத்தீனி, அந்த பிளே ஆஃபில் ஒருமுறைகூட வீசியிராத மைக்கேல் வாக்காவை அனுப்பினார். ஜயண்ட்ஸின் சாண்டோவல் அடித்து முதல் தளம் சேர்ந்தார். பெல்ட்டுக்கு வாக், அதாவது நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் தளம், கிடைத்தது. அடுத்து இஷிகாவா அடித்த ஹோம் ரனில் ஜயண்ட்ஸ் 6-3 என்று வென்று தொடரே முடிந்துவிட்டது.

இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் 29 அன்று, கான்சாஸ் சிட்டியில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஜயண்ட்ஸின் தொடக்க பிட்சர் டிம் ஹட்சன் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தடுமாற, அனுபவசாலி என்று தயங்காமல் போச்சி அவரை எடுத்துவிட்டார். அஃபெல்ட் இடையில் தாங்கிக்கொள்ள, மூன்று நாளுக்கு முன்புதான் 117 பந்துகள் வீசியிருந்த பம்கார்னர் ஐந்தாவது இன்னிங்ஸில் வந்தார். முடிப்பு பிட்சர் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்திலும் போச்சி எழுந்து போகவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பின் சமன் செய்யும் ரன்னாக எதிரணி வீரர் ஒருவர் மூன்றாம் தளத்தில் நின்றபோதும் அவர் அசையவில்லை. 68 பந்துகளில் பம்கார்னரே ஆட்டத்தை முடித்தார். ஜயண்ட்ஸ் 3-2 என்று வென்றது.

வாக்கா விஷயத்தில் ஒரு நியதி இருந்தது: முடிப்பு பிட்சர் முன்னிலைக்குத்தான். பம்கார்னர் விஷயத்தில் நியதியைத் தள்ளிவைத்து, கண் முன்னே வீசுகிற கையைப் பார்த்த பார்வை இருந்தது. அந்தப் பார்வை போச்சி 1989 முதல் 1992 வரை ஸ்போக்கேன், ரிவர்சைடு, ஹை டெசர்ட், விச்சிட்டா என்று மைனர் லீக் அணிகளை நடத்திய ஆண்டுகளில் பழகியது என்றே கருதுகிறேன். அங்கே மேனேஜரே மூன்றாம் தளப் பயிற்சியாளராகவும் நிற்பது வழக்கம். பேருந்துப் பயணத்தில் பையன்களின் சுபாவம் தெரியும். தவறான மாற்றத்தால் ஓர் ஆட்டம் தோற்றாலும் மறுநாள் தலைப்புச் செய்தி வராது. மத்தீனி அதே பாடங்களைத் தொலைக்காட்சி வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்தது.

இரண்டு ஆட்டங்களை வைத்து முழு நிறுவல் செய்துவிட முடியாது. பம்கார்னரைப் போன்ற கை மத்தீனியிடம் அன்று இருக்கவில்லை. போச்சியின் பருவக் கணக்கும் பிரமாதமல்ல. 2019 முடிவில் அவருக்கு 2,003 வெற்றிகள், 2,029 தோல்விகள். ஆனால் 2010, 2012, 2014 ஆண்டுகளில் ஜயண்ட்ஸுடனும், 2023இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுடனும் நான்கு உலகத் தொடர்களை அவர் வென்றிருக்கிறார். பிட்சர் மாற்றம் உயிர்நிலையாகும் அக்டோபரில்தான் இந்த வேறுபாடு துலங்குகிறது.

மைனர் லீக் வழிக்கு விலை உண்டு. சம்பளம் குறைவு, குடும்பத்தைப் பிரிந்திருக்க வேண்டும், ஏறி வருவோம் என்ற உத்தரவாதமும் கிடையாது. கோடிகளில் சம்பாதித்த நட்சத்திரம் அதற்கு இறங்கத் தயங்குவதில் வியப்பில்லை. பயிற்சி அனுபவமே இல்லாமல் 2018 பருவத்துக்கு நியூயார்க் யாங்கீஸ் அணியின் மேனேஜரான ஆரன் பூன் 2024இல் உலகத் தொடர் வரை போனதையும் ஒதுக்கிவிட முடியாது. புள்ளிவிவரக் குழு பின்னால் இருக்கும் பெரிய அணியில் நேரடி வழியின் ஆபத்து குறையக்கூடும். போச்சியின் பழைய அணியான ஜயண்ட்ஸே 2026க்கு டென்னசி பல்கலைக்கழகத்திலிருந்து டோனி விட்டெல்லோவை நேராகக் கொண்டுவந்திருக்கிறது. கல்லூரியில் ஓர் அணியை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர் என்பதால் அவரை மத்தீனியின் வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை. அவருடைய புல்பென் முடிவுகளைத்தான் முதலில் கவனிப்பேன்.