ஏசிங்க் குவெரி: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

காசிமேட்டில் ஒரு ஐஸ் வியாபாரிக்காக நான் பார்த்துக்கொள்ளும் வெப் அப்ளிகேஷன் இது. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ், எவ்வளவு டீசல், யாருடைய பாக்கி எவ்வளவு, இதுதான் உள்ளே. பகலெல்லாம் சும்மா கிடக்கும். விடியற்காலை மூன்று மணி ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள்.

2023 தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில், ஒரு குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு) பதில் வரும்வரை காத்து நிற்கும் பழைய சைகாப்ஜி2 நிரலை, அந்த நேரத்தில் மற்ற வேலையைப் பார்க்கும் ஏசிங்க் முறைக்கு, அதாவது எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0, ஏசிங்க்பிஜி பக்கம் மாற்றினேன். வெப் பக்கத்தைக் கவனிக்கும் ஃபாஸ்ட்ஏபிஐ, டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் இரண்டும் அப்படியே இருந்தன.

தடை முடிந்த முதல் ஞாயிறு, நாலு மணிக்குக் கணக்குப் பார்க்கும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, சுத்திக்கினே இருக்குபா. படகுக்காரங்க நிக்கிறாங்க."

சர்வரைத் திறந்து பார்த்தால் சிபியூ சும்மா இருக்கிறது. போஸ்ட்கிரஸில் ஒரே ஒரு குவெரிதான் ஓடுகிறது. அதுதான் மாதக் கணக்கு ரிப்போர்ட். அதற்கு மட்டும் பழைய சைகாப்ஜி2-வை விட்டுவைத்துவிட்டு, ஃபங்ஷனுக்கு முன்னால் 'ஏசிங்க்' என்று சேர்த்திருந்தேன். அந்தக் குவெரி முடியும்வரை எல்லார் வேலையையும் மாறி மாறி ஓட்டும் ஈவென்ட் லூப் நகராது. அந்த பிராசஸில் இருக்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். சாதாரண ஃபங்ஷனாக விட்டிருந்தால் ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனி திரெட்டில் ஓட்டியிருக்கும், மற்றவர்கள் வேலை நடந்திருக்கும். அரைகுறையாக மாற்றுவதைவிட மாற்றாமல் இருப்பதே மேல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த அடி கனெக்ஷன் பூல், அதாவது டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு. எஸ்க்யூஎல்ஆல்கெமி தானாகத் தருவது 5, நெரிசலில் கூடுதலாக 10. போதாது என்று நினைத்து ஒரு பிராசஸுக்கு 30 ஆக்கினேன். நாலு பிராசஸ், மொத்தம் 120. போஸ்ட்கிரஸ் வழக்கமாக ஏற்பதே 100 கனெக்ஷன்தான். மீதிப் பேருக்குக் கதவைச் சாத்திவிட்டது. இப்போது பிராசஸுக்கு 10, கூடுதல் கிடையாது. அப்புறம் ஒரு நாள்கூட அந்தப் பிழை வரவில்லை.

லேசி லோடிங், அதாவது தொடர்புள்ள தகவலைத் தொடும்போது தானாகப் போய் எடுத்துவருவது, ஏசிங்க்கில் வேலை செய்யாது, வேண்டியதை முதலிலேயே சேர்த்து எடுத்துவிட வேண்டும். பழகிவிடும்.

முகப்புப் பக்கத்தில் நாலு குவெரியை ஒரே நேரத்தில் அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் தனி செஷன் (டேட்டாபேஸுடன் பேசும் ஒரு தொடர்) கட்டாயம், ஒரே செஷனைப் பகிர்ந்தால் பிழைதான். முன்பு நாலின் நேரமும் கூடிவரும், இப்போது இருப்பதிலேயே மெதுவான ஒன்றின் நேரம்தான். ஆனால் நாலு கனெக்ஷனையும் அது பிடித்துக்கொள்ளும். அதனால் வேறெந்தப் பக்கத்திலும் இப்படிச் செய்யவில்லை.

தனியாக ஒரு குவெரி இதனால் வேகமாகாது. பாக்கிப் பட்டியல் மாற்றிய பிறகும் ஆமை வேகத்தில்தான் வந்தது. படகு எண், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட்டேன். மறுநாள் விடியற்காலை அண்ணனிடமிருந்து போன் வரவில்லை.