34-ஆ, 149-ஆ? கும்பலாக அடித்து ஒருவர் இறந்தால்

வரப்புத் தகராறில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அடித்து ஒருவர் இறந்துவிட்டார். உயிரைப் பறித்த அடி ஒருவருடையது. மற்றவர்களையும் கொலை வழக்கில் சேர்க்க, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 34, 149 என்று இரண்டு வழிகள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5), 190.

ஆள் கணக்கு: 34-க்கு இருவர் போதும். 149-க்கு ஐந்து பேராவது வேண்டும்.

மனசு: 34-க்கு எல்லாருக்கும் ஒரே உள்நோக்கம், அது அந்த இடத்திலேயே உருவானாலும் சரி. 149-க்கு கூட்டத்தின் பொது நோக்கம் போதும். கொலை நடக்கக்கூடும் என்று தெரிந்திருந்தாலே சிக்கல்தான்.

செய்கை: 34-ல் கையைப் பிடித்துக்கொள்வது, வழியை மறிப்பது என ஏதாவது பங்கு வேண்டும். 149-ல் கம்பைத் தூக்காதவரும் மாட்டுவார். சத்தம் கேட்டு ஓடிவந்த பங்காளியின் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறுவதும் இதனால்தான். ஆனால் வெறும் வேடிக்கை பார்த்தவர் கூட்டத்தின் உறுப்பினர் ஆகமாட்டார். பெரிய கும்பல் வழக்குகளில் இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒத்துச் சொல்கிறார்களா என்று பார்ப்பது நல்லது என 1964-ல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆபத்து: சிலர் விடுதலையாகி, அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் இல்லாமல், எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் 149 நிற்காது. அப்புறம் 34-ஐத்தான் தேட வேண்டும், அதற்குச் சாட்சியம் இருந்தால்.

மூன்று நான்கு பேர், யார் என்ன செய்தார் என்பது தெளிவு என்றால் 34. ஆயுதத்தோடு திரண்டு வந்த கும்பல், யார் அடி எது என்று பிரிக்க முடியவில்லை என்றால் 149.